பீப் அடிக்கும் பெட்டியும் பொருந்தாத ரேமும்

போலகத்திலிருந்து ரேம் வாங்கக் கிளம்புகிறவருக்கு மூன்று வழி. வடக்கே காரைக்கால் டவுன். தெற்கே நாகூர் தாண்டி நாகப்பட்டினம். இரண்டு இடத்திலும் கிடைக்காத பழைய ரகம் என்றால் ராத்திரி பஸ் ஏறிச் சென்னை ரிச்சி தெரு. கடை இவ்வளவு தள்ளி இருக்கும் ஊரில் தப்பான ரேம் வாங்கினால் நஷ்டம் ரேமின் விலையோடு நிற்காது. பஸ் காசு, ஒரு நாள் பிழைப்பு, "கவரைப் பிரிச்சிட்டீங்களே சார்" என்ற வாக்குவாதம் எல்லாம் கூடவே வரும். அதனால் ரேமை எப்படிச் செருகுவது என்பதை இந்த அத்தியாயத்தில் சுருக்கமாக முடித்துவிட்டு, செருகிய பிறகு பெட்டி ஏன் அதை ஏற்கவில்லை என்பதையே அதிகம் பேசப்போகிறேன். செருகுவது இரண்டு நிமிட வேலை. ஏற்காததற்குக் காரணம் தேடுவது சில சமயம் இரண்டு நாள் வேலை.

திருமலைராயன்பட்டினத்தில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கும் நானா ஒருவர் ஒருநாள் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, நேத்து வாங்குன புது ரேம் செத்துப்போச்சு. அதைப் போட்டா பீப் பீப்புன்னு கத்துது. பழசைப் போட்டா ஒழுங்கா ஓடுது" என்றார். திறந்து பார்த்தேன். கோர் 2 டியோ பிராசஸர், ஜி41 மதர்போர்டு, டிடிஆர்3 ஸ்லாட் இரண்டு. இருந்தவை 1 ஜிபி ரேம் இரண்டு. புதிதாக வாங்கியது டிடிஆர்3, 4 ஜிபி, ஒரே துண்டு. அந்த ரேமை என் மேசையிலிருந்த எச்61 போர்டில் போட்டேன். உடனே எடுத்துக்கொண்டது. மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஒரு பிழை இல்லை. ரேம் சாகவில்லை. அவருடைய போர்டும் கெடவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஜி41 சங்கதியை முழுதாகப் புரிந்துகொண்டால் மற்ற சிக்கல்களில் பாதி தானாகப் பிடிபடும். அதனால் கொஞ்சம் கணக்கு.

ரேம் பலகையில் கறுப்பாக ஒட்டியிருக்கும் சிப்புகளை எண்ணுங்கள். 4 ஜிபி என்பது 4 கிகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக மொத்தம் 32 கிகாபிட். அதை 16 சிப்பில் பிரித்து வைத்தால் ஒவ்வொன்றிலும் 2 கிகாபிட். 8 சிப்பில் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 4 கிகாபிட். கொள்ளளவு ஒன்றுதான், ஆனால் பின்னதில் ஒவ்வொரு சிப்பின் அடர்த்தியும் இரு மடங்கு. ஜி41 வந்த காலத்தில் 4 கிகாபிட் டிடிஆர்3 சிப் புழக்கத்திலேயே இல்லை. ஆகவே அந்தச் சிப்செட்டுக்கு 2 கிகாபிட்டுக்கு மேல் முகவரி போடத் தெரியாது. நானா வாங்கிய ரேமில் ஒரு பக்கம் 8 சிப், மறுபக்கம் வெறும் பச்சை. அதே 4 ஜிபியை இருபக்கமும் எட்டெட்டாக 16 சிப் உள்ள ரேமாக வாங்கியிருந்தால் ஓடியிருக்கும். கடைக்காரரும் ஏமாற்றவில்லை. கேட்டது "டிடிஆர்3 நாலு ஜிபி", கொடுத்ததும் அதுவே. நானாவுக்கு 8 சிப் உள்ள 2 ஜிபி ரேம் இரண்டு தேடிப் பிடித்துப் போட்டோம். அதிலும் ஒரு சிப்புக்கு 2 கிகாபிட்தானே வருகிறது.

நம் ஊரில் முழுப் பெட்டியையும் "சிபியூ" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரேம் விஷயத்தில் இந்தப் பழக்கம் குழப்பத்தைக் கொடுக்கும். ஏனென்றால் ரேமை ஆள்கிற உறுப்புக்கு மெமரி கன்ட்ரோலர் என்று பெயர். அது எங்கே இருக்கிறது என்பது காலத்தைப் பொறுத்தது. இன்டெலின் கோர் 2 காலம்வரை அது மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது. 2008-இல் வந்த முதல் கோர் ஐ7 தொடங்கிப் பிராசஸருக்குள்ளேயே போய்விட்டது. ஏஎம்டி அதை 2003-இலேயே, அத்லான் 64 காலத்திலேயே, உள்ளே கொண்டுபோய்விட்டது. ஆகவே கோர் 2 டியோ வைத்திருப்பவர் போர்டின் மாடலைப் பார்க்கவேண்டும். ஐ3, ஐ5 வைத்திருப்பவர் போர்டோடு பிராசஸரின் முழு எண்ணையும் பார்க்கவேண்டும். "ஐ5 வச்சிருக்கேன்" என்பது பாதித் தகவல்தான். ஐ5-2400 என்றால் டிடிஆர்3. ஐ5-8400 என்றால் டிடிஆர்4. நடுவில் ஐ5-6500 இருக்கிறதே, அது போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது குறைந்த மின்னழுத்த டிடிஆர்3எல்.

தலைமுறை மாறினால் ரேம் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. அடியில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்2-க்கும் டிடிஆர்3-க்கும் 240 பின்தான், டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288 பின்தான். எண்ணிக்கை ஒன்று என்று அழுத்திவிடாதீர்கள். உட்காராத ரேமைக் கட்டைவிரலால் நெரித்து ஸ்லாட்டைப் பிளந்த பெட்டி என் அலமாரியில் ஒன்று இருக்கிறது. மின்னழுத்தமும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது: டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35, டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1. இதில் கவனிக்கவேண்டிய ஒரே இடம் டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்லுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டுக்கும் வெட்டு ஒரே இடத்தில்தான். 1.35 வோல்ட் ரேம் பெரும்பாலும் பழைய 1.5 போர்டில் ஓடிவிடும். ஆனால் ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசஸரில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டு நாளெல்லாம் ஓட்டுவதை இன்டெல் பரிந்துரைக்கவில்லை. ஓடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது.

கொஞ்ச நாளாக இன்னொரு வகைப் பெட்டியும் ஊருக்குள் வருகிறது. கம்பெனிகள் ஒதுக்கிய, பஞ்சாங்கக் கட்டு மாதிரி இருக்கும் சின்ன டெஸ்க்டாப். பிரான்சிலிருந்து லீவில் வரும் சொந்தக்காரர்கள் கொண்டுவருவதும் பெரும்பாலும் இதுதான். கீபோர்டில் எழுத்துகள் இடம்மாறி இருக்கும், அது வேறு தலைவலி. இந்தச் சின்னப் பெட்டிகளில் பலவற்றுக்கு லேப்டாப் ரேம்தான் போடவேண்டும். டெஸ்க்டாப் என்று பெயர் இருப்பதால் நீள ரேமை வாங்கி வந்து நிற்பவர்கள் உண்டு. பாரீஸிலிருக்கும் அண்ணன் "என்னடா வேணும், வாங்கியாறேன்" என்று கேட்டால் பெயரைச் சொல்லாதீர்கள். இருக்கிற ரேமைக் கழற்றி இருபக்கமும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

லேபிளைப் படிப்பது

ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் இருப்பது ஜிபி. வாங்குகிறவர் அதைத்தான் பார்க்கிறார். நான் அதைக் கடைசியாகப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் பார்க்கவேண்டியது "2ஆர்எக்ஸ்8", "1ஆர்எக்ஸ்8" என்ற சின்ன எழுத்து. முன்னால் உள்ள எண், சிப்புகள் எத்தனை அணியாகப் பிரிந்து வேலை செய்கின்றன என்பது. பின்னால் உள்ள எண், ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் எத்தனை பிட் கொடுக்கும் என்பது. சாதாரண டெஸ்க்டாப்புக்குப் பின்னெண் 8 இருந்தால் நிம்மதி. 4 என்றிருந்தால் வாங்காதீர்கள். சந்தையில் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று டிடிஆர்3 4 ஜிபி ரேம் மலிவாகக் கிடைக்கிறதே, அது இந்த ரகம். இன்டெல் டெஸ்க்டாப் கன்ட்ரோலர்கள் இதை எடுத்துக்கொள்ளாது. இதில் 16 சிப் இருக்கும். ஆகவே நான் மேலே சொன்ன எண்ணிக்கைக் கணக்கை மட்டும் நம்பிப் போனவர்கூட இதில் மாட்டிக்கொள்வார். சிப்பையும் எண்ண வேண்டும், லேபிளையும் படிக்க வேண்டும்.

அடுத்தது சர்வர் ரேம். பெரிய கம்பெனிகளின் சர்வரிலிருந்து கழற்றியது கொள்ளை மலிவாக வரும். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் வெட்டு டெஸ்க்டாப் ரேமின் இடத்திலேயே இருப்பதால் கச்சிதமாக உட்காரும். பெட்டி மட்டும் எழுந்திருக்காது. கையில் எடுத்துப் பார்த்தாலே அடையாளம் தெரியும்: சிப்புகள் எட்டின் மடங்கில் இல்லாமல் ஒன்பதின் மடங்கில் இருக்கும், நடுவில் தனியாக ஒரு சிப் உட்கார்ந்திருக்கும். லேபிளில் வேக எண்ணின் கடைசியில் "ஆர்" என்ற எழுத்து இருக்கும். டெஸ்க்டாப்புக்கு வேண்டியது "யு".

வேகம் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். பிசி3-12800 என்றால் 1600. பிசி4-19200 என்றால் 2400. பிசி4-25600 என்றால் 3200. பெரிய எண்ணை எட்டால் வகுத்தால் சின்ன எண் வரும். வேகத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படத் தேவையில்லை. 3200 ரேமை 2133-க்கு மேல் போகாத ஐ5-6500-இல் போட்டால் 2133-இலேயே ஓடும். 2400-உம் 2666-உம் கலந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். பெட்டியில் எழுதிய வேகம் வரவில்லையே என்று சண்டைக்குப் போகிறவர்கள் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைத் திறந்து பார்க்கவேண்டும். அதை இயக்காதவரை ரேம் தன் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். எச் என்று தொடங்கும் மலிவுச் சிப்செட் போர்டுகளில் பலவற்றில் அந்த அமைப்பை இயக்கினாலும் பயன் இல்லை, பிராசஸருக்கு அனுமதித்த வேகத்தைத் தாண்டாது.

ஜி41-இல் நடந்ததே டிடிஆர்4-இலும் திரும்ப நடந்தது. 16 கிகாபிட் சிப் வந்த பிறகு 32 ஜிபி ஒற்றை ரேம் கடைகளுக்கு வந்தது. அதை எடுக்க ஒன்பதாம் தலைமுறைப் போர்டுகளுக்கே பயாஸ் புதுப்பிப்பு தேவைப்பட்டது. ஆறாம் தலைமுறை எச்110 போர்டில் அதைப் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். அந்தப் போர்டின் உச்சம் இரண்டு ஸ்லாட்டிலும் 16, 16.

பீப் அடித்தால்

முதல் சந்தேகம் ரேம்மீது விழவேண்டாம். நம்முடையது கடலோர ஊர். உப்புக் காற்று வீட்டு இரும்பு ஜன்னலை என்ன செய்கிறதோ அதையே பெட்டிக்குள்ளும் செய்கிறது. ரேமின் தங்கநிறப் பட்டைகளில் பூசியிருக்கும் தங்கம் மெல்லியது. அதன் அடியில் நிக்கலும் செம்பும். கீறல் விழுந்த இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்து களிம்பு பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலு நாள் பெட்டியைப் போடாமல் வைத்துவிட்டு ஐந்தாம் நாள் போட்டால் பீப் அடிப்பது இங்கே வாடிக்கை. 2018 நவம்பரில் கஜா புயல் ஓய்ந்து கரண்ட் வந்த வாரத்தில் என் மேசைக்கு வந்த பெட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஒரு ரேமும் கெடவில்லை. கழற்றித் துடைத்து மாட்டியதும் ஓடின.

துடைக்கும் முறை: யூபிஎஸ்ஸையும் அணைத்து, பவர் கார்டைப் பெட்டியிலிருந்து பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தினால் மிச்ச மின்சாரம் வடியும். மதர்போர்டில் ஏதாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அணையும்வரை கைவைக்கக் கூடாது. கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமின் ஓரத்தைப் பிடித்துக் கழற்றுங்கள். வெள்ளை ரப்பரால் பட்டைகளை மேலிருந்து கீழாக, அழுத்தாமல், இரண்டு மூன்று இழுப்பு. தினம் தேய்த்தால் தங்கப்பூச்சே போய்விடும். ரப்பர் தூளை ஸ்லாட்டுக்கு வெளியே தட்டுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைத்தால் ரப்பரைவிட அதுவே மேல். பஞ்சில் தொட்டுத் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். ஸ்லாட்டுக்கு உலர்ந்த பெயின்ட் பிரஷ். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். உள்ளே பல்லி முட்டையோ எச்சமோ இருந்தால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தையும் ஆல்கஹாலால் துடையுங்கள். பல்லி எச்சம் பட்ட மின்பாதைகள் அரித்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

திருப்பி மாட்டும்போது இரண்டு முனையிலும் "டிக்" சத்தம் கேட்கவேண்டும். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே தாழ்ப்பாள் இருக்கும்; அங்கே தாழ்ப்பாள் இல்லாத முனை உட்காராமல் ஏமாற்றும். புது ரேம் வேலை செய்யவில்லை என்று வந்த பெட்டிகளில் எத்தனையோ இப்படி அரைகுறையாக உட்கார்ந்தவைதான். பெட்டியைப் படுக்கவைத்து மாட்டினால் இந்தத் தொல்லை குறைவு.

அசெம்பிள் செய்த பெட்டிகளில் பலவற்றில் பீப் அடிக்க ஸ்பீக்கரே இருக்காது. திரை வராது, சத்தமும் வராது, மின்விசிறி மட்டும் சுற்றும். நான்கு பின் உள்ள குட்டி பஸ்ஸர் ஒன்றை வாங்கி மதர்போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதிய இடத்தில் மாட்டிவையுங்கள்; டீக்காசுதான். பழைய அவார்டு பயாஸ் நீளமான பீப்பை விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தால் ரேம் தகராறு. எச்பியின் பழைய அலுவலகப் பெட்டிகளில் சிவப்பு விளக்கு ஐந்துமுறை சிமிட்டி ஐந்து பீப் அடித்தால் அதுவும் ரேம்தான். மற்ற கம்பெனிகளுக்கு வேறு வேறு கணக்கு. அந்தந்த மாடலின் கையேட்டில் பாருங்கள்.

துடைத்தும் தீரவில்லை என்றால்தான் ரேமை விசாரிக்கவேண்டும். இதில் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லா ரேமையும் கழற்றிவிட்டு, ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிந்த பழைய ரேம் ஒன்றை ஒரு ஸ்லாட்டில் மட்டும் போட்டு எழுப்புங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில்தான் முதல் ரேம் போடவேண்டும். எழுந்ததா? அதே ஸ்லாட்டில் புது ரேமை மட்டும் போடுங்கள். எழவில்லை என்றால் ரேம் பொருந்தவில்லை அல்லது கெட்டது. வேறு பெட்டி ஒன்றில் போட்டுப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரியும். எழுந்தது என்றால் ஸ்லாட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பழசு தனியாக ஓடுகிறது, புதுசு தனியாக ஓடுகிறது, சேர்த்துப் போட்டால் மட்டும் படுத்துக்கொள்கிறது என்பதும் உண்டு. அப்போது இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். பயாஸில் வேகத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஒரே ரகத்தில் இரண்டாக வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இடையில், பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் சிமாஸை ஒருமுறை அழித்துவிடுவது நல்லது. பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்து மாட்டுங்கள். நம் பக்கம் பழைய பெட்டிகளில் அந்தப் பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும். புதிது வாங்கி மாட்டிவிட்டால் தேதி தப்பாகக் காட்டுவதும் நிற்கும். அதன்பின் முதல்முறை போடும்போது டெல் போன்ற பெட்டிகள் நினைவகத்தின் அளவு மாறிவிட்டது என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டி நிற்கும். அது பிழை அல்ல. எஃப்1 அழுத்தினால் போய்விடும்.

புது டிடிஆர்5 பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேம் மாற்றிய பிறகு முதல்முறை போட்டால் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். பெட்டி ரேமோடு பழகிக்கொண்டிருக்கிறது, பொறுத்திருங்கள். பயந்து அணைத்து அணைத்துப் போட்டால் அது முதலிலிருந்து தொடங்கும்.

போட்டது 8, காட்டுவது 4

இங்கே பெட்டி எழுந்துவிட்டது, ஆனால் கணக்கு உதைக்கிறது. முதலில் பயாஸில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அங்கே 8 காட்டி, விண்டோஸில் 3.2 அல்லது 3.5 மட்டும் பயன்படுகிறது என்றால் உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ். எத்தனை ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அது எடுக்காது. 64 பிட் விண்டோஸை மறுபடி நிறுவவேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் வைத்துக்கொண்டு தொழில் செய்கிறவர்கள் இதற்குத் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமே, முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-இல் 64 பிட்டிலும் பதிப்பைப் பொறுத்து உச்சவரம்பு உண்டு: ஹோம் பேசிக்குக்கு 8 ஜிபி, ஹோம் பிரீமியத்துக்கு 16. எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பகுதியில் அதிகபட்ச நினைவகம் என்ற கட்டத்தில் யாரோ டிக் போட்டுவைத்திருந்தாலும் இப்படி ஆகும். அதை எடுத்துவிடுங்கள்.

பயாஸிலேயே பாதிதான் தெரிகிறது என்றால் ஸ்லாட், களிம்பு, அடர்த்தி மூன்றையும் மேலே சொன்னபடி பாருங்கள். மூன்றும் சரியாக இருந்து ஒரு பக்கத்து ஸ்லாட்டுகள் மட்டும் பேசவில்லை என்றால் பிராசஸரைக் கழற்றி அதன் சாக்கெட்டைப் பார்க்கவேண்டும். இன்டெல் போர்டுகளில் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன. ஒரு பின் மடங்கினால்கூட ஒரு சேனல், அதாவது அதோடு இணைந்த ஸ்லாட்டுகள், முழுதும் காணாமல் போகலாம். கூலரை ஒரு பக்கம் மட்டும் இறுக்கி முடுக்கினாலும் அப்படியே. பின்னை நிமிர்த்துவது பழகிய கையின் வேலை, நீங்கள் முயலவேண்டாம்.

எழுந்து, முழு அளவும் காட்டி, ஆனால் நீலத் திரை வந்து விழுகிறது, ஜிப் கோப்பு பிரிக்கும்போது பிழை வருகிறது என்றால் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். 2022-இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் பழைய பயாஸ், புது யூஈஎஃப்ஐ இரண்டிலும் அது ஓடும். ஆயிரம் பிழை வந்தால் கெட்டது, ஒரு பிழை வந்தால் பரவாயில்லை என்பதெல்லாம் கிடையாது. ஒரு சிவப்பு வரி வந்தாலே தோல்வி. எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போது பிழை வராவிட்டால் ரேம் நல்லது, வேகம்தான் அதிகம். அந்த நிலையில் ரேமைத் திருப்பிக் கொடுக்கப் போகாமல் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ரேம்தான் வேண்டுமா?

இதை முதலில் கேட்டிருக்கவேண்டும். ஆனால் ரேம் வாங்க முடிவு செய்துவிட்டவர்கள் முதலில் கேட்டால் காதில் வாங்குவதில்லை. போலகம் தொழில் வளர்ச்சி மையத்தில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் 8 ஜிபியை 16 ஆக்கவேண்டும் என்று வந்தார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து அவர் வழக்கமாகத் திறந்துவைக்கும் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். ரேம் பாதிகூட நிரம்பவில்லை. டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் நின்றது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன், ரேமைத் தொடவில்லை. 4 ஜிபி வைத்திருப்பவர் ரேம் போடட்டும். 8 வைத்திருந்து இன்னும் சுழலும் டிஸ்க்கில் ஓட்டுகிறவர் முதலில் எஸ்எஸ்டி போடட்டும். இது என் தீர்மானமான கருத்து.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் விண்டோஸ் 11-க்காக ரேம் கூட்டுகிறவர்களும் வருகிறார்கள். அதற்கு 4 ஜிபி ரேம் போதும் என்றுதான் மைக்ரோசாஃப்ட் எழுதியிருக்கிறது. தடையாக நிற்பது பிராசஸரின் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெட்டியில் ரேமைக் கூட்டி அந்தத் தடையைத் தாண்ட முடியாது. அப்படிப்பட்ட பெட்டிக்கு லினக்ஸ் போட்டுப் பாருங்கள்.

விலையையும் சொல்லவேண்டும். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுச் சர்வர்களுக்காக நினைவகச் சிப்புகள் போய்க்கொண்டிருந்ததில் சில்லறை ரேமின் விலை கண்டபடி ஏறியது. குருஷியல் என்ற பெயரில் நாம் வாங்கிக்கொண்டிருந்த ரேமின் சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. புதுசு வாங்குவது கடினமாகும்போது பழசின் மதிப்பு கூடும். பொருந்தாத பழசும் அதிகம் புழங்கும். ஆகவே வாங்கப் போகும்போது பேப்பரில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: போர்டின் மாடல், பிராசஸரின் முழு எண், இருக்கிற ரேமின் லேபிளில் உள்ள எல்லா எழுத்தும், ஸ்லாட் எத்தனை என்பது. முடிந்தால் பழைய ரேமையே ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். கடையில் ஒரு சோதனை போர்டில் போட்டுக் காட்டினால் அது ரேம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி, உங்கள் பெட்டியில் ஓடும் என்பதற்கு அல்ல. "ஓடலைன்னா எத்தனை நாளுக்குள்ள மாத்தித் தருவீங்க?" என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கழற்றிய ரேமைத் தூக்கி எறியாதீர்கள். 2 ஜிபி என்றாலும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு, எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பெட்டி பீப் அடிக்கும்போது உறுதியாக ஓடும் ரேம் ஒன்று கையில் வேண்டும். நானா "செத்துப்போச்சு" என்று கொண்டுவந்தாரே, அந்த 4 ஜிபி, அவர் தங்கை மகனின் எச்61 பெட்டியில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.